கனிசியஸ் சத்தியம் பண்ணாத வழக்கு

"மனுதாரர், தமது சமயம் விதிக்கும் சத்தியத்தைத் தெரிந்தே நிராகரித்ததன் மூலம், அரசியலமைப்பின் பத்தாம் உறுப்புரை உறுதிப்படுத்தும் மனச்சாட்சிச் சுதந்திரத்தின் எல்லையைச் சோதிக்க முன்வந்தவர். நிறுவனமயப்பட்ட சமய அதிகாரத்தைக் கேள்விக்குட்படுத்தும் சுயாதீன சிந்தனையாளராகவே இக்கட்டுரை அவரைக் காண்கிறது."

ஒரு சட்ட ஆய்விதழின் நாற்பத்தோராம் பக்கத்தில் இப்படி அச்சாகியிருக்கிறது. இது யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கனிசியஸைப் பற்றியது.

கனிசியஸுக்கு அறுபத்தொரு வயது. ஞாயிறு காலை ஐந்தரைப் பூசைக்கு அவர் போகாமல் விட்டது, இடம்பெயர்ந்த நாட்களைக் கழித்தால், ஒரேயொரு தடவை. அன்றைக்குக் கண் ஒப்பரேசன். திருநாளில் புனிதரின் சிலை வைத்த சுருவக்கூடு தூக்குகிறவர்களில் முன் இடப்பக்கம் அவருடையது. அந்த இடத்துக்கு வேறு யாரும் தோள் கொடுக்க விடமாட்டார். வள்ளத்துக்கு ஒரு புனிதரின் பெயர், வள்ளத்தின் இயந்திரத்தில் இன்னொரு புனிதரின் படம். சமய அதிகாரத்தை அவர் கேள்விக்குட்படுத்தியதும் ஒருமுறை உண்டு. மாரியில் பந்தலை ஏன் காற்றுப் பக்கம் போடுகிறீர்கள் என்று பங்குத் தந்தையைக் கேட்டார். பின்னேரம் போய் மன்னிப்பும் கேட்டார். பந்தல் அன்றிரவே பறந்துபோனது வேறு விடயம்.

கட்டுரை பொய் சொல்லவில்லை. நீதிமன்றக் கோவையை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் அப்படித்தான் தெரிகிறார்.

கடனீரேரியின் ஆழமில்லாத பகுதியில் கம்புகளை வரிசையாக ஊன்றி, வலையைச் சுற்றிக் கட்டி, உள்ளே வரும் இறாலுக்குத் திரும்பும் வழி தெரியாமல் செய்வதற்குக் களங்கட்டி என்று பெயர். இதில் வலை யாரும் வாங்கலாம். இடம்தான் வாழ்க்கை. கனிசியஸின் இடம் பதினேழாம் இலக்கம். கார்த்திகை மழையோடு இறால் இறங்கும் மூன்று மாதத்தில் அந்த இடம் தருவதை வைத்துத்தான் அவருடைய வீட்டில் மற்ற ஒன்பது மாதமும் உலை கொதித்தது.

அந்தப் பக்கம் களங்கட்டி வைக்கும் எட்டுக் குடும்பங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. இடத்தில் தகராறு வந்தால் கரையில் அந்தோனியார் சுருவம் நிற்கும் சின்னக் கூட்டுக்கு முன்னால் கூடுவார்கள். இடம் என்னுடையது என்பவர் சுருவத்தில் கைவைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். பண்ணினால் இடம் அவருக்கு, எதிராளி வீட்டுக்கு. ஆனால் ஒரு இடத்துக்கு ஒருதரம்தான். அதே இடத்துக்கு அவர் இரண்டாம் தரமும் சத்தியம் பண்ணினால், முதல் சத்தியம் போதவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இடம் எதிராளிக்குப் போய்விடும். மேன்முறையீடு, மீளாய்வு, தவணை ஒன்றும் கிடையாது. கொழும்பில் புதுக்கடை நீதிமன்றத்தில் பத்து வருசம் எடுக்கும் காரியம் இங்கே பத்து நிமிசத்தில் முடியும். சரியாக முடியுமா என்று கேட்டால், அதுவும் அங்கே போலத்தான்.

2011இல், போர் முடிந்து தடைகள் நீங்கி எல்லோரும் திரும்பக் கம்பு நட வந்தபோது, பதினேழைத் தன் தகப்பனின் இடமென்று கனிசியஸ் சொன்னார். சிமியோனும் அதையே சொன்னார். சிமியோன் கனிசியஸின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன். கனிசியஸ் சுருவத்தில் கைவைத்தார். சிமியோன் பக்கத்துப் பதினெட்டாம் இலக்கத்தை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு பதினொரு வருசம் இருவரும் கதைக்கவில்லை. மனைவிமார் கதைத்தார்கள், நத்தாருக்குக் கேக் போய்வந்தது. பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் மட்டும் ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

2022 ஆவணியில் ஒரு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கடலட்டைப் பண்ணைக்கு ஒதுக்கிய பகுதிக்குள் பதினேழாம் இலக்கம் விழுவதால் உரிமம் புதுப்பிக்கப்படமாட்டாது. மார்கழி முப்பத்தொன்றுக்குள் கம்புகளை அகற்றவும். கூடவே ஒரு வரைபடம். பண்ணையின் எல்லைக்கோடு பதினாறு வரை நேராக வந்து, பதினேழில் மட்டும் வயிறு தள்ளி, பதினெட்டிலிருந்து மறுபடி நேராகப் போனது.

"உந்த வயிறு ஏன் எனக்கு மட்டும்?" என்று கனிசியஸ் சட்டத்தரணி செபநாயகத்திடம் கேட்டார்.

"அதுதான் பன்ரண்டாம் உறுப்புரை," என்றார் செபநாயகம். "சட்டத்தின் முன் எல்லாரும் சமம். பதினாறுக்கு இல்லாத வயிறு பதினேழுக்கு இருக்கக்கூடாது. அடிப்படை உரிமை வழக்கு. கடிதம் வந்து ஒரு மாசத்துக்குள்ளை போடவேணும். கடிதம் எப்ப வந்தது?"

"மூண்டு கிழமையாகுது, சேர்."

"மூண்டு கிழமையா என்ன செய்தனீர்?"

"ஒன்பது நாள் செபம் வைச்சனான். ரண்டு தரம்."

மனுவோடு சேர்க்கவேண்டிய சத்தியக்கடதாசி ஆங்கிலத்தில் தயாரானது. அதை விளங்கப்படுத்திக் கையொப்பம் வாங்கவேண்டியவர் சமாதான நீதவான் அருள்நேசன். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருசம் ஆங்கிலம் படிப்பித்த மெதடிஸ்த சபைக்காரர். வேதாகமத்தை மேசையில் எடுத்து வைத்தார்.

"றோமன் கத்தோலிக்கனாகிய நான் சத்தியம் செய்து கூறுவது. இதிலை கையை வைச்சுக்கொண்டு சொல்லும்."

கனிசியஸ் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "மாஸ்ரர், எந்த இடத்துக்குச் சத்தியம்?"

"பதினேழாம் இலக்கத்துக்குத்தான். வேறை எதுக்கு வழக்குப் போடுறீர்?"

"அப்ப ஏலாது."

அருள்நேசன் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதியிருக்கிறது பொய்யோ?"

"இல்லை, மாஸ்ரர்."

"உண்மையோ?"

"ஓம். ஆனா சத்தியம் ஏலாது. அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒருக்காப் பண்ணியாச்சு."

கத்தோலிக்கருக்குள் இப்படி ஏதாவது இருக்கும் என்று அருள்நேசன் நினைத்துக்கொண்டார். மேலே கேட்டால் மற்றவருடைய சபையை விசாரிப்பதுபோல ஆகிவிடும். யாழ்ப்பாணத்தில் இந்த மரியாதையால் விளைந்த பிழைகள் கொஞ்சநஞ்சமல்ல.

"கை வைக்காத மாதிரியும் ஒண்டு இருக்கு," என்றார். "இந்து ஆக்களுக்குப் போடுறது. பயபக்தியோடை உறுதியுரைக்கிறன் எண்டு வாயாலை சொன்னாக் காணும்."

"சுருவம், வேதாகமம் ஒண்டும் தொடத் தேவையில்லையோ?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப அதைப் போடுங்கோ. வடிவாயிருக்கு."

இப்படியாக, றோமன் கத்தோலிக்கனாகிய கனிசியஸ் இந்துக்களின் முறைப்படி உறுதியுரைத்த கடதாசி, கடிதம் வந்த இருபத்தெட்டாம் நாள் கொழும்புக்குப் போனது.

கார்த்திகையில் புதுக்கடையில் வழக்கு எடுபட்டது. அரச சட்டவாதி எழுந்து, எல்லைக்கோட்டின் வயிற்றைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கத்தோலிக்கர் சத்தியம் செய்யவேண்டும். மனச்சாட்சி இடந்தராதவர் மட்டும் அதைச் சொல்லிவிட்டு உறுதியுரைக்கலாம். இவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆகவே இது சத்தியக்கடதாசியே அல்ல. அது இல்லையென்றால் மனுவும் இல்லை. ஒரு மாதம் கடந்துவிட்டதால் இனிப் போடவும் முடியாது. இது சின்னப் பிழை என்று சொல்லும் பழைய தீர்ப்புகளைச் செபநாயகத்தின் கொழும்புச் சட்டத்தரணி நண்பர் எடுத்துக் காட்டினார். அரச சட்டவாதி வேறு தீர்ப்புகளைக் காட்டினார். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. கனிசியஸ் பின் வாங்கிலில் கைகட்டி இருந்தார். தன் பெயரை நாலு தரம் கேட்டார், இறாலை ஒருதரமும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும், "வெண்டதோ தோத்ததோ?" என்று கேட்டார்.

"ரண்டும் இல்லை," என்றார் செபநாயகம். "நாலு கிழமை தந்திருக்கினம். ஒண்டில் முறைப்படி சத்தியம் பண்ணிப் புதுக் கடதாசி குடுக்கவேணும். இல்லையெண்டால் மனச்சாட்சிக்கு விரோதம் எண்டு காரணம் சொல்லவேணும். உம்மைக் கேக்கிறன், சத்தியம் பண்ணுறது உம்மடை மனச்சாட்சிக்கு விரோதமோ?"

"இல்லை, சேர். நான் பண்ணியிருக்கிறனே."

"அப்ப பண்ணுமன்."

"பண்ணினா இடம் போயிடும்."

"பண்ணாட்டில் வழக்குப் போயிடும். வழக்குப் போனா இடம் போயிடும்!"

கனிசியஸ் இதைக் கோட்டை ரயில் நிலையம் வரைக்கும் யோசித்தார். சத்தியம் பண்ணினால் எட்டுக் குடும்பத்தின் சட்டப்படி இடம் சிமியோனுக்கு. பண்ணாவிட்டால் நாட்டின் சட்டப்படி இடம் கடலட்டைக்கு. மாங்குளம் தாண்டும்போது மனைவி லூர்த்தம்மா தொலைபேசியில் என்ன நடந்தது என்று கேட்டார். "நாங்கள் சொன்னது சரியாம். ஆனா சொன்ன விதம் பிழையாம்," என்றார் கனிசியஸ். "கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் உதைத்தானே உங்களுக்குச் சொல்லுறன்," என்றார் லூர்த்தம்மா.

அந்த நாலு கிழமைக்குள் ஒருநாள், பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பிக்கும் றஜிதா வந்தார். அளவெட்டிப் பிள்ளை. செபநாயகத்திடம் வழக்கைக் கேள்விப்பட்டு, ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திருந்தார்.

"அங்கிள், நீங்கள் ஏன் சத்தியம் பண்ண மறுத்தனீங்கள்?"

கனிசியஸ் அந்தோனியார் கூட்டின் ஒழுங்கை முழுக்கச் சொன்னார். றஜிதாவின் கண்கள் விரிந்தன.

"அங்கிள், இது பதினாறாம் உறுப்புரை! பழைய எழுதாத சட்டமும் செல்லும், அடிப்படை உரிமைக்கு முரணாயிருந்தாலும் செல்லும் எண்டு அதிலை இருக்கு."

"அப்ப எங்கடை சட்டம் செல்லுமோ?"

"அப்படி வாதாடலாம்."

"செல்லுமெண்டால் நான் சத்தியம் பண்ணக்கூடாது."

"ஓம். ஆனா பத்தாம் உறுப்புரைப்படி, சத்தியம் பண்ணவேண்டாம் எண்டு ஒருத்தரும் உங்கடை மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தவும் ஏலாது."

"அப்ப பண்ணலாமோ?"

றஜிதா பேனையைக் கடித்தார். "அதுதான் அங்கிள், இதிலை சுவாரசியமான கேள்வி."

"பிள்ளை, கம்பு மார்கழி முப்பத்தொண்டோடை பிடுங்கவேணும்," என்றார் கனிசியஸ்.

பத்தும் பதினாறும் ஒரே கட்டுரைக்குள் ஒத்துப்போகாததால், பின்னால் றஜிதா பத்தை வைத்துக்கொண்டு பதினாறை அடிக்குறிப்புக்குத் தள்ளினார். அந்தோனியாரும் அடிக்குறிப்போடு போனார். அப்படித்தான் கனிசியஸ் சுயாதீன சிந்தனையாளரானார்.

"அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி மனச்சாட்சி எண்டு எழுதிக் குடுங்கோவன்," என்றார் லூர்த்தம்மா, றஜிதா போன பிறகு.

"எனக்குச் சத்தியத்திலை நம்பிக்கை இல்லையெண்டு எழுதவேணும். அந்தோனியார் என்ன நினைப்பார்?"

"அவர் கோட்டுக் கடதாசி வாசிக்கிறவரே? சரி, அதுவும் வேண்டாமெண்டால் ஒரு வழிதான் கிடக்கு. பதினேழுக்கு இன்னும் சத்தியம் பண்ணாத ஆள் இந்தக் கரையிலை ஒருத்தர் இருக்கிறார். ஆரெண்டு நான் சொல்லத் தேவையில்லை."

கனிசியஸ் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை ஒன்பது மணிபோல, துவைத்த சறமும் சேட்டும் போட்டுக்கொண்டு சிமியோனின் படலையைத் திறந்தார். சிமியோன் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, கோட்டுக்காரர்! வழி தவறி வந்திட்டியோ?"

"வழி தெரிஞ்சுதான் வந்தனான்."

"பதினொரு வருசத்துக்குப் பிறகு தெரிஞ்சிருக்கு. இரு."

கனிசியஸ் கவிழ்த்து வைத்த பெட்டியொன்றின் மேல் இருந்தார். கதை முழுக்கச் சிமியோனுக்கு முன்னமே தெரிந்திருந்தது, மனைவிமார் இருந்தார்கள்.

"நீ சத்தியம் பண்ணினா இடம் எனக்கு," என்றார் சிமியோன். "பண்ணாட்டில் அட்டைக்கு. எப்பிடியோ உனக்கில்லை. நான் சும்மா பாத்துக்கொண்டிருந்தாக் காணும்."

"ஓம்."

"அப்ப என்னத்துக்கு வந்தனி?"

"எனக்காக நீ சத்தியம் பண்ணு எண்டு கேக்க."

தேத்தண்ணீரோடு வந்த சிமியோனின் மனைவி கதவடியிலேயே நின்றுவிட்டார்.

"நான் பண்ணினா, பிறகு அந்த இடம் எனக்கு ஒருநாளும் வராது."

"வராது."

"அதைத் தெரிஞ்சுகொண்டு வந்து என்ரை முத்தத்திலை இருந்து கேக்கிறாய்."

"ஓம்."

"நீ விசரனடா."

"ஓம்."

சிமியோன் வலை பொத்தும் ஊசியைக் கீழே வைத்தார். "ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நீ அந்தோனியாரிலை கைவைச்சுச் சொன்னது உண்மையோ?"

இந்தக் கேள்வியை உயர்நீதிமன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

"அப்பு காட்டித் தந்த குறி, கரையிலை மூண்டு பனை, பின்னாலை தண்ணித் தாங்கி. ரண்டையும் நேராப் பிடிச்சால் இடம். திரும்பி வரேக்கை பனையும் இல்லை, தாங்கியும் இல்லை. நினைவிலை பிடிச்சுத்தான் கைவைச்சனான். அண்டைக்குச் சரியெண்டுதான் நினைச்சன். பிறகு பிறகு... எனக்கு வடிவாத் தெரியேல்லை, சிமியோன்."

சிமியோன் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"எனக்கும் தெரியாதடா! நானும் அந்தப் பனையைத்தானே நினைவிலை பிடிச்சனான். அதுதான் நான் உனக்கு முன்னாலை போய்க் கைவைக்கேல்லை. பயம்!"

"அப்ப எப்பிடிச் சத்தியம் பண்ணுவாய்?"

"ஆற்றை இடமெண்டு சொல்லமாட்டன். பதினொரு வருசமா அதிலை கம்பு நட்டது கனிசியஸ் எண்டு சொல்லுவன். முதல் கம்பு எங்கை, கடைசிக் கம்பு எங்கை எண்டும் சொல்லுவன். என்னை விட ஆர் அதைப் பாத்தது? ஒவ்வொரு நாளும் பாத்து வயிறெரிஞ்சனான். அதுக்கு எந்த வேதாகமத்திலையும் கைவைப்பன்."

செவ்வாய்க்கிழமை சிமியோன் அருள்நேசனுக்கு முன்னால் போய் நின்றார். இம்முறை அருள்நேசன், "சத்தியமோ, உறுதியுரையோ? யோசிச்சுச் சொல்லும்," என்று மூன்று தரம் கேட்டார். சிமியோன் கையை வேதாகமத்தில் வைத்த பிறகு, சத்தியம் சொல்லி முடியும்வரை எடுக்கவில்லை.

"இது உம்மடை கடதாசியைத் திருத்தாது," என்றார் செபநாயகம் கனிசியஸிடம். "நீர் கத்தோலிக்கர், உம்மடை பிழை அப்பிடியே கிடக்கு. இது வேறை ஆளின்ரை சத்தியம்." சொல்லிவிட்டு அதைக் கோவையில் சேர்த்து அனுப்பினார்.

தீர்ப்பு வரும் முன்பே மார்கழி வந்தது. வழக்கு நடக்கும்போது கம்பை விட்டுவைக்கலாம் என்று செபநாயகம் சொல்லியும், கனிசியஸ் முப்பதாம் திகதியே எல்லாவற்றையும் பிடுங்கிக் கரையில் அடுக்கினார். கடிதத்தில் அப்படித்தானே இருந்தது என்றார்.

தை நடுப்பகுதியில் புதுக்கடையில் அரச சட்டவாதி எழுந்து, பக்கத்து இடத்துக்காரர் ஒருவரே கம்புகளின் இடத்தைச் சத்தியமாகச் சொல்லியிருப்பதால் அலுவலகம் மறுபடி அளந்ததாகவும், எல்லைக்கோடு திருத்தப்பட்டதாகவும், உரிமம் வழங்கப்படும் என்றும் சொன்னார். நடவடிக்கைகள் அதோடு முடிவுறுத்தப்பட்டன. கத்தோலிக்கர் ஒருவர் இந்து முறையில் உறுதியுரைத்தால் அது செல்லுமா செல்லாதா என்பதற்கு விடை சொல்லும் தேவை எழவில்லை.

"வெண்டதோ, சேர்?"

"தோக்கேல்லை."

"அப்ப வெண்டது."

"அப்பிடியும் சொல்லேலாது. உரிமம் வரும். அதைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் இரும்."

றஜிதாவின் கட்டுரை அடுத்த வருசம் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் மறுப்பு எழுதினார்: மனுதாரர் சுயாதீன சிந்தனையாளர் அல்லர், பதினாறாம் உறுப்புரை காக்கும் மரபுச் சட்டத்தின் விசுவாசமான காவலர். றஜிதா கட்டுரையைக் கொண்டுவந்து தமிழில் வாசித்துக் காட்டினார். கனிசியஸ் கவனமாகக் கேட்டார். "நல்ல வடிவா எழுதியிருக்கிறியள், பிள்ளை," என்றவர், கொஞ்சம் தயங்கி, "ஆர் அந்த ஆள்?" என்றார். லூர்த்தம்மா அந்த இதழை உரிமத்தோடு ஒரே பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்திருக்கிறார். இரண்டிலும் கனிசியஸின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது.

உரிமம் வந்தது, வழக்கு முடிந்த அதே தை மாதம் இருபத்தாறாம் திகதி. கூடவே புது வரைபடம். பண்ணையின் வயிறு உள்ளே போயிருந்தது. ஆனால் பதினேழாம் இலக்கத்தை அளந்தவர்கள் அதைத் தெற்கே தள்ளிவிட்டார்கள். அறுபத்துநாலு கம்புக்கு உரிமம். அதில் தெற்குப் பக்கத்துப் பதினாறு கம்பும் சிமியோனின் பதினெட்டாம் இலக்கத்துக்குள் விழுந்தன. சிமியோனின் உரிமமும் அப்படியே செல்லுபடியாகத்தான் இருந்தது. ஒரே தண்ணீருக்கு இரண்டு பேரிடம் கடதாசி. மறுபடி எழுதிக் கேட்டால் திருத்தலாம் என்றார் செபநாயகம், ஆனால் பங்குனி ஆகும். இறால் அதுவரை நிற்காது. உரிமத்தின்படி நட்டால் ஒருவரும் கேட்கமுடியாது என்றும் சொன்னார்.

அடுத்தநாள் விடிய, தண்ணீர் வற்றின நேரம், கனிசியஸ் வள்ளத்தில் கம்புகளை ஏற்றிக்கொண்டு போய் நாற்பத்தெட்டை மட்டும் நட்டார்.